கீழ்வாய்த் தசையை வெட்டும் முன் 4 மணி நேரச் சோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரைப்பை மெதுவாகக் காலியாகும் ‘இரைப்பை மந்தம்’ நோய்க்கு, இரைப்பையின் கீழ்வாய்த் தசையை எண்டோஸ்கோபி வழியாகவே வெட்டும் ஜி-போயம் என்ற தீர்வு வந்துவிட்டதாகத் தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தோம். வயிற்றில் தழும்பு விழாது, ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை, ஓரிரு நாளில் வீடு திரும்பலாம் என்றெல்லாம் அதில் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தச் சிகிச்சை யாருக்கு, எந்தச் சோதனைக்குப் பிறகு என்பதைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டது. வெட்டிய தசையைப் பழையபடி ஆக்க முடியாது. அதனால் வெட்டுவதற்கு முன் நடக்க வேண்டியவற்றைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். இரைப்பையின் மேற்பகுதி உணவை வாங்கி வைத்துக்கொள்கிறது. கீழ்ப்பகுதி ஆட்டுக்கல் போல அதை அரைக்கிறது. நிமிடத்துக்கு 3 முறை அலை எழுந்து கீழ்நோக்கி ஓடும். திட உணவு 1 முதல் 2 மில்லிமீட்டர் துகளாகும் வரை கீழ்வாய்த் தசை, அதாவது பைலோரஸ், அதைச் சிறுகுடலுக்குள் விடாது. இந்த அலையைக் கிளப்பும் கஹால் செல்களும், இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பும் பல ஆண்டுச் சர்க்கரை நோயில் கெடுகின்றன. உணவுக்குழாய், இரைப்பை அறுவை சிகிச்சைகளில் வேகஸ் நரம்பு அடிபட்டாலும் இதே நிலைதான். காரணமே பிடிபடாதவர்களும் நிறையப் பேர். எங்கும் அடைப்பில்லாமலே உணவு தேங்கும்: நாலு கவளத்தில் வயிறு நிரம்பிவிடும், குமட்டல் இருக்கும், காலையில் சாப்பிட்டது மாலையில் வாந்தியாக வரும்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் கணக்குச் சொன்னது. அவர்களில் இரைப்பை மந்தம் சிறு பங்கினருக்கே வரும். ஆனால் வந்தவர்களுக்கு வாந்தியைவிட இன்சுலின் கணக்கு தவறுவதுதான் பெரிய ஆபத்து. சாப்பாட்டுக்கு முன் போட்ட ஊசி நேரத்துக்கு வேலை செய்துவிடும்; உணவோ இன்னும் இரைப்பையிலேயே கிடக்கும். ஒரு மணி நேரத்தில் தாழ்சர்க்கரை, நாலு மணி நேரத்தில் 300-ஐத் தாண்டிய சர்க்கரை என்று அளவு மாறி மாறி வந்தால் ஊசியின் அளவைக் கூட்டுவதற்கு முன் இரைப்பையைச் சந்தேகிக்க வேண்டும்.

அடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே இதற்கு இந்த நோயின் பெயரைச் சூட்டலாம். பழைய குடற்புண்ணின் தழும்பு, ஆசிட் குடித்ததால் வந்த சுருக்கம், காசநோய், புற்றுநோய் எல்லாமே இதே அறிகுறிகளோடு வரக்கூடியவை. எண்டோஸ்கோப் குழாய் கீழ்வாயைக் கடந்து முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதி வரை போனதா என்று அறிக்கையில் இருக்க வேண்டும். ‘இரைப்பையில் உணவு மிச்சம் இருந்தது’ என்ற ஒரே வரியை வைத்து நோயை முடிவு செய்வது தவறு. முந்தின இரவு தாமதமாகச் சாப்பிட்டிருந்தாலும் மிச்சம் இருக்கும். மிகவும் மெலிந்துபோனவர்களுக்கு சி.டி. ஸ்கேனும் வேண்டும். வயிற்றுப் பெருந்தமனிக்கும் அதிலிருந்து கிளைக்கும் குடல் தமனிக்கும் இடையே முன்சிறுகுடல் நசுங்கியிருந்தால், கீழ்வாயை எவ்வளவு வெட்டியும் பலனில்லை.

அடுத்தது, கட்டுரை விட்டுவிட்ட 4 மணி நேரச் சோதனை. உணவில் கலந்த கதிரியக்க மருந்தைக் காமா கேமராவில் பார்த்து, இரைப்பையில் உணவு எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளக்க அணுக்கரு மருத்துவப் பிரிவில் எடுக்கும் ஸ்கேன் இது. இதற்கென்று உலகெங்கும் ஒப்புக்கொண்ட ஓர் உணவு உண்டு: 2 முட்டை அளவுக்கு வெள்ளைக்கரு, 2 துண்டு ரொட்டி, 30 கிராம் ஜாம், 120 மில்லி தண்ணீர். மொத்தம் சுமார் 255 கலோரி, கொழுப்பு மிகக் குறைவு. டெக்னீசியம்-99எம் கலந்த கந்தகக் கூழ்மத்தை வேகாத வெள்ளைக்கருவில் கலந்து, பிறகு அதைச் சமைக்க வேண்டும். சமைத்த முட்டையின் மேல் மருந்தை ஊற்றிக் கொடுத்தால் அது உணவோடு ஒட்டாமல் பிரிந்து தண்ணீரோடு ஓடிவிடும். நோயுள்ள இரைப்பைகூட நல்ல இரைப்பை போல அறிக்கையில் தெரியும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு நம் பக்கத்தில் மருந்தை மாவிலேயே கலந்து இட்லியாக அவித்துக் கொடுப்பதும் உண்டு. அது சரியான வழிதான். ஆனால் முட்டை உணவுக்கான அளவை இட்லிக்கு அப்படியே பொருத்தக் கூடாது. அந்த மையம் இட்லிக்கென்றே கண்டறிந்து வைத்திருக்கும் இயல்பு அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

இந்த உணவை 10 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். முடித்த உடனே ஒரு படம், பிறகு 1, 2, 4 மணி நேரத்தில். முன்பக்கமும் பின்பக்கமும் எடுத்துக் கணக்கிடுவார்கள். 2 மணி நேரத்தில் 60 சதவீதத்துக்கு மேலோ, 4 மணி நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேலோ உணவு தங்கியிருந்தால் இரைப்பை மந்தம். பல இடங்களில் 90 நிமிடத்திலோ 2 மணி நேரத்திலோ கேமராவை நிறுத்திவிட்டு, அரைப்பங்கு காலியாகும் நேரத்தைக் கணக்குப் போட்டு எழுதித் தந்துவிடுகிறார்கள். 2 மணி நேரத்தில் இயல்பாகத் தெரிந்து 4 மணி நேரத்தில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. இதற்கு மாறானவர்களும் உண்டு. சோதனைக்காக வந்து உட்கார்ந்த நோயாளியை இன்னும் 2 மணி நேரம் காக்க வைப்பதில் என்ன சிரமம் என்று புரியவில்லை.

சோதனை தவறாகப் போவதற்கு வேறு வழிகளும் உள்ளன. அன்று காலையில் சர்க்கரை 275 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தச் சர்க்கரையே இரைப்பையை மந்தமாக்கிவிடும். இன்னொரு நாள் வரச் சொல்வதே நல்லது. டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு, லெவோசல்பிரைடு, எரித்ரோமைசின் போன்ற வேகப்படுத்தும் மருந்துகளையும், டைசைக்ளோமின், டிரமடால் போன்ற மந்தப்படுத்தும் மருந்துகளையும் குறைந்தது 48 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். பாதி உணவை வைத்துவிட்டாலோ நடுவில் வாந்தி எடுத்தாலோ அதை அறிக்கையில் குறிக்க வேண்டும். வாந்தியில் போனது ‘சீக்கிரம் காலியானது’ என்ற கணக்கில் சேர்ந்துவிடும்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. சர்க்கரைக்கும் எடை குறைக்கவும் போடும் செமாகுளூடைடு, டிர்செபடைடு ஊசிகள் இரைப்பையை மந்தப்படுத்துபவை. பசி குறைவதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. செமாகுளூடைடு உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். எனவே ஒரே ஒரு ஊசியைத் தவறவிட்டு வந்து ஸ்கேன் எடுத்தால் தெரிவது மருந்தின் வேலையாகவும் இருக்கலாம். முடிவு சந்தேகமாக இருந்தால், மருத்துவர் ஒப்புதலோடு பல வாரம் ஊசியை நிறுத்தி, சர்க்கரைக்கு மாற்று மருந்து கொடுத்து, மறுபடி எடுக்க வேண்டும். தினமும் டிரமடால், டேபென்டடால் போன்ற வலி மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். மருந்தால் வந்த மந்தத்துக்குத் தசையை வெட்டுவதை எந்த விதத்திலும் ஏற்க முடியாது.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்கேனில் இயல்பாக வரும் செரிமானக் கோளாறுக்கும் இரைப்பை மந்தத்துக்கும் அறிகுறியில் வித்தியாசம் காண்பது கடினம். அமெரிக்காவில் இரு வகையினரையும் 48 வாரம் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கத்தில் மந்தம் என்று கண்டவர்களில் 42 சதவீதத்தினருக்கு இரண்டாம் ஸ்கேன் இயல்பாக வந்தது. இயல்பாக இருந்தவர்களில் 37 சதவீதத்தினருக்கு மந்தமாக வந்தது. ஒரே ஸ்கேன், அதுவும் அரைகுறையாக எடுத்தது, கத்தியை எடுக்கப் போதுமான ஆதாரமாகாது.

சோதனை உறுதியானாலும் முதல் சிகிச்சை சாப்பாடும் மருந்தும்தான். மூன்று வேளையை ஐந்து ஆறு சிறு வேளையாகப் பிரிக்க வேண்டும். எண்ணெயும் கொழுப்பும் இரைப்பையை மேலும் மந்தமாக்கும். முருங்கைக்காய், வாழைத்தண்டு, கீரைத்தண்டு, ஆரஞ்சுச் சக்கை போன்ற நார் தேங்கி உருண்டையாகிவிடக்கூடும். நன்றாகக் குழைந்த சோறு, பிசைந்த இட்லி, வடிகட்டிய சூப், மசித்த பருப்பு ஆகியவை தாங்கும். துகள் சிறிதாக இருக்கும் உணவே சர்க்கரை நோயாளிகளின் குமட்டலையும் வாந்தியையும் குறைப்பதாக ஸ்வீடனில் ஒப்பீட்டு ஆய்வு நடத்திக் காட்டியிருக்கிறார்கள். ‘சர்க்கரைக்கு நார்ச்சத்து நல்லது’ என்று பழகியவர்களுக்கு இந்த அறிவுரை தலைகீழாகத் தோன்றும். மந்தம் இருக்கும்வரை இதுதான் சரி.

மருந்துகளில் மெட்டோகுளோபிரமைடை 12 வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது. வாய், நாக்கு தானாக அசையும் நோய் வந்தால் மருந்தை நிறுத்திய பின்னும் அது போகாமல் நிற்கலாம். நம் மருந்துக் கடைகளில் அமில மாத்திரையோடு சேர்த்து விற்கும் லெவோசல்பிரைடிலும் கை நடுக்கம், உடல் இறுக்கம், மாதவிடாய் மாறுதல் வரும். ‘கேஸ் மாத்திரை’ என்று ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. டோம்பெரிடோன் கொடுக்கும் முன் ஒரு இ.சி.ஜி. அவசியம். எரித்ரோமைசின் முதலில் நன்றாக வேலை செய்யும், சில வாரத்தில் உடல் பழகிவிடும்.

இவற்றுக்கெல்லாம் அடங்காதவர்களுக்குத்தான் எண்டோஸ்கோபி சிகிச்சை. முதலில் வந்தது கீழ்வாயில் போடும், தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி. எளிது, அதனால் பரவிவிட்டது. ஆனால் வெறும் உப்பு நீர் ஊசியோடு ஒப்பிட்ட இரண்டு ஆய்வுகளிலும் அதைவிட மேலான பலன் தெரியவில்லை; அமெரிக்க இரைப்பை குடலியல் கல்லூரியின் 2022 வழிகாட்டி அதைப் பரிந்துரைக்கவில்லை. கீழ்வாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற வலைக் குழாயை வைத்துப் பார்த்தார்கள், அது இடம் நகர்ந்து ஓடியது. பிறகு வந்ததுதான் ஜி-போயம். உணவுக்குழாயின் கீழ்த் தசையை உட்சவ்வுக்கு அடியில் சுரங்கம் அமைத்து வெட்டும் முறையை ஜப்பானின் ஹாருஹிரோ இனோவே 2008-இல் தொடங்கினார். அதே உத்தியை இரைப்பையின் கீழ்வாய்க்குக் கொண்டுவந்து மனிதரில் செய்த முதல் சிகிச்சையை, பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த மூவன் கஷாப் குழுவினர் 2013-இல் வெளியிட்டார்கள்.

செய்முறை இது. முன்னதாக ஓரிரு நாள் திரவ உணவு மட்டும், பிறகு வெறும் வயிறு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். பட்டினியில் இவை சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தத்தை அமிலமாக்கிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரைகளை நிறுத்துவது இதய மருத்துவர் சம்மதத்தோடுதான். மூச்சுக்குழாயில் குழாய் போட்டு முழு மயக்கம் கொடுக்க வேண்டும். தேங்கிய வயிற்றோடு அரைமயக்கத்தில் செய்தால் உணவு நுரையீரலுக்குள் போகும். இதில் சலுகையே கூடாது. வயிற்றை விரிக்கச் சாதாரணக் காற்று கூடாது, கரியமில வாயு மட்டும்.

கீழ்வாய்க்கு 4 முதல் 5 செ.மீ. மேலே, சவ்வுக்கு அடியில் நீல மருந்து கலந்த உப்பு நீரைச் செலுத்தி மேடாக்குவார்கள். அந்த மேட்டில் 1.5 முதல் 2 செ.மீ. நீளத்துக்கு மின்கத்தியால் கீறி, முனையில் ஒளிபுகும் மூடி மாட்டிய எண்டோஸ்கோப்பை உள்ளே நுழைத்து, சவ்வுக்கும் தசைக்கும் நடுவில் சுரங்கம் போல வழி எடுத்துப் போவார்கள். இரைப்பை அகலமானது, உணவுக்குழாய் போல நேர்வழி இல்லை; சுரங்கம் பக்கவாட்டில் விலகிப் போய்விடுவது எளிது. வழி தவறினால் குழாயை வெளியே எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொண்டு மறுபடி உள்ளே போவார்கள். இறுதியில் கீழ்வாய்த் தசை வெள்ளை வளைவாகத் தெரியும். அந்த வட்டத் தசையை முழுவதும் வெட்டி, வெட்டை 2, 3 செ.மீ. இரைப்பைப் பக்கம் நீட்டுவார்கள். வெளிச்சவ்வு மட்டும் தப்ப வேண்டும். கடைசியில் நுழைவாயை நான்கைந்து கிளிப் போட்டோ, உள்ளிருந்தே தையல் போட்டோ மூடுவார்கள்.

மிக ஆபத்தான இடம் கீழ்வாயைக் கடந்த அடுத்த சில மில்லிமீட்டர். முன்சிறுகுடலின் சவ்வு அங்கே செங்குத்தாகத் திரும்புகிறது. கத்தி சற்று நீண்டால் ஓட்டை விழும், பித்த நீர் வயிற்றறைக்குள் கசியும். உடனே கண்டுபிடித்தால் கிளிப் போட்டு அடைக்கலாம். கரியமில வாயு வயிற்றறைக்குள் சேர்ந்து வயிறு கல்லாகி மூச்சழுத்தம் ஏறினால், ஓர் ஊசியைக் குத்தி வாயுவை வெளியேற்றுவார்கள்; இது பயப்படும்படியான சிக்கல் அல்ல. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ரத்தக் குழாய்கள் அதிகம், சுரங்கத்தில் ரத்தம் கசியும். கீறிய இடம் ஆறாமல் புண்ணாகி, சில நாள் கழித்துக் கறுப்பாக மலம் போவதும் உண்டு. இதனால்தான் அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் வகை மாத்திரையை ஒரு மாதமாவது தவறாமல் எடுக்கச் சொல்கிறோம். வலி இல்லை என்று நிறுத்தக் கூடாது. முதல் நாள் பட்டினி, பிறகு திரவம், ஒன்றிரண்டு வாரம் குழைந்த உணவு. காய்ச்சல், குறையாத வயிற்று வலி, வேகமான நாடித்துடிப்பு இருந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் வர வேண்டும். சிலருக்குப் பின்னாளில் உணவு மிக வேகமாக இறங்கி, சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வியர்வை, படபடப்பு, பேதி வரும்.

இன்சுலின் நேரத்தையும் புதிதாக அமைக்க வேண்டும். மந்தத்துக்கு ஏற்பச் சாப்பிட்ட பிறகு ஊசி போட்டுப் பழகியவர்கள், இரைப்பை வேகமான பின்னும் அதையே தொடர்ந்தால் சர்க்கரை எகிறும். எண்டோஸ்கோபி செய்தவரும் சர்க்கரை மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசாத இடங்களில் இது விட்டுப்போகிறது.

பலன் எவ்வளவு? செக் நாட்டின் பிராகா நகரில் யான் மார்த்தினெக் குழுவினர் 41 பேரிடம் செய்து 2022-இல் வெளியிட்டது முக்கியமான ஆய்வு. ஒரு பாதிக்கு உண்மையான சிகிச்சை, மறு பாதிக்கு மயக்கம் மட்டும் கொடுத்து வெட்டாத எண்டோஸ்கோபி. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. 6 மாதத்தில் அறிகுறிகள் பாதியாகக் குறைந்தவர்கள் சிகிச்சைப் பக்கத்தில் 71 சதவீதம், போலிப் பக்கத்தில் 22 சதவீதம். 4 மணி நேர மிச்சத்தின் நடு அளவும் சிகிச்சைக்குப் பிறகு 22 சதவீதத்திலிருந்து 12-ஆக இறங்கியது. தசையை வெட்டியதால்தான் பலன் என்பதற்கு இது வலுவான சாட்சி. கூடவே, வெட்டாமலே 5 பேரில் ஒருவர் தேறினார் என்பதையும் மறக்கக் கூடாது. 80 பேரைப் பல மையங்களில் தொடர்ந்த மற்றோர் ஆய்வில், ஓராண்டு முடிவில் பலன் நீடித்தது 56 சதவீதத்தினருக்கு. தங்கள் கட்டுரையின் தலைப்பில் இருந்த ‘நிரந்தரத் தீர்வு’ என்ற சொல் இந்த எண்களுக்குப் பொருந்தவில்லை. அதற்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

வாந்தியும் குமட்டலும் முதன்மையாக உள்ளவர்கள், 4 மணி நேரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் மிச்சம் உள்ளவர்கள், வலி மாத்திரைப் பழக்கம் இல்லாதவர்கள்: இவர்களே இதற்குப் பொருத்தமானவர்கள். வயிற்று வலியும் உப்புசமும் மட்டுமே தொல்லை என்றால் இதில் இறங்க வேண்டாம். கீழ்வாயின் இறுக்கத்தைப் பலூன் விரித்து அளக்கும் எண்டோஃபிளிப் கருவி சில மையங்களில் இருக்கிறது. இருந்தால் நல்லது; ஆனால் எந்த அளவுக்குக் கீழே வெட்டலாம் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை, அதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

இந்தச் சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருக்கும் வாசகர்கள், வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போகும்போது எண்டோஸ்கோபி அறிக்கையைப் படங்களோடு எடுத்துச் செல்லுங்கள். ஸ்கேன் அறிக்கையில் கொடுத்த உணவு என்ன, 1, 2, 4 மணி நேரச் சதவீதம் எவ்வளவு, அன்றைய சர்க்கரை எவ்வளவு என்ற விவரம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். கடந்த 3 மாதத்தில் போட்ட ஊசி, மாத்திரை எல்லாவற்றையும் கடைச் சீட்டோடு காட்டுங்கள். எடை குறைக்கும் ஊசியை வேறொரு மருத்துவமனையில் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். மயக்க மருத்துவரிடமும் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
இரைப்பை குடல் மருத்துவம், அணுக்கரு மருத்துவம் சார்ந்த மருத்துவர்கள் சிலர்,
மதுரை